சூசையின் தொண்டைக்கு ஐஸ்

1955 ஜூலை 3, ஞாயிறு

சாரல். விடிந்ததிலிருந்து நசநச. கடல் கலங்கிக் கிடக்கிறது, ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. பாவாடை இரண்டும் காயவில்லை. மூன்றாவதைக் கட்டிக்கொண்டு பூசைக்கு.

பூசையில் தம்பி சூசை தூங்கிவிட்டான். தூங்கட்டும், யார் வேண்டாம் என்றது? குறட்டை! ஏழு வயசுப் பயலுக்குள் நாகர்கோவில் பஸ் மேடு ஏறுகிறது. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திப் பார்த்தார். நான் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு பின்வரிசை மீசைக்கார மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கோவிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. பாவம், அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காதைத் திருகினாள். "பிலோமி, நீ நரகத்துக்குத்தான் போவ." போகிறேன். அங்கே துணியாவது காயும்.

(தம்பி பெயரை ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதினால் மை வீண். இனி சூ.)

மத்தியானம் சூ. தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். குறட்டை, குறட்டை, அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சே இல்லை. நெஞ்சு மட்டும் உள்ளே இழுக்கிறது. பிறகு ஒரு உதறல், மறுபடி பஸ் கிளம்புகிறது. அந்த ஒன்றுமில்லாத நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டு பண்ணத் தோன்றவில்லை.

ஜூலை 5, செவ்வாய்

சூ.வுக்கு மறுபடி காய்ச்சல். எச்சில் விழுங்கினாலே அழுகை. முழங்கால் வலி என்கிறான்.

பக்கத்து வீட்டு ரீத்தா மாமி வந்தாள். "உள்நாக்கு விழுந்து கெடக்கு. உச்சி முடியப் புடிச்சு இழுத்தா மேல ஏறிரும்." கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு. டொக் என்று சத்தம். சூ. போட்ட கூப்பாட்டில் கோழி கூரையில் ஏறிவிட்டது.

"மாமி, கோழிக்க உள்நாக்கும் மேல ஏறிட்டு பாருங்க."

"ஏட்டி, ஒனக்க நாக்கப் புடிச்சு இழுக்கணும். எவ்வளவு நீளம் கெடக்கு!"

மாமி போனதும் டார்ச் அடித்து, கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பார்த்தேன். உள்நாக்கு அதன் இடத்தில் மணி மாதிரி தொங்குகிறது. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பலாக்கொட்டை. சிவந்து, வெள்ளைப் புள்ளி போட்டு, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. நடுவில் சோறு போக இடமில்லை. மூச்சு எப்படிப் போகிறது?

ஜூலை 7, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, நான், சூ. அப்பா சந்தைக்குப் போடுகிற மீன் சட்டையை மாற்றித்தான் வந்தார். ஆனாலும் வராந்தாவில் பூனை அவர் பின்னாலேயே வந்தது.

டாக்டரம்மா வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. பேச்சில் மலையாள ராகம். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்கள்.

"இது ரெண்டும் டான்சில். வாய்வழி வர்ற கிருமியப் புடிச்சு நிறுத்துற காவல்காரங்க. இவனுக்க காவல்காரங்க ரெண்டு பேரும் கெட்டுப் போயாச்சு. கிருமிக்கே குடியிருக்க வீடு குடுத்திருக்காங்க. மூக்குக்குப் பின்னால இன்னொரு சதை இருக்கு, அடினாய்டு. அதனாலாக்கும் வாயத் தொறந்துட்டே தூங்குறான்."

"மருந்துக்கு அடங்காதா?" என்று அம்மா.

"அடங்கும், மறுபடி வரும். எத்தனை தடவை வந்தாச்சு? மூட்டு வலி வேற சொல்றான். இப்படியே விட்டா இதயத்தக் கெடுத்துரும். எடுத்துரலாம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "மீனுக்கு செவிள் எடுக்குத மாதிரியா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "ஏறக்குறைய அப்படித்தான். ஆனா பிள்ளை மறுநாள் எழும்பி நடப்பான்."

நாள் முழுக்க மீன் அறுக்கிற கை அப்பாவுடையது. அந்தக் கையால் டாக்டரம்மா போட்ட படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

காய்ச்சல் அடங்கினதும் கொண்டுவரச் சொன்னார்கள். பஸ்ஸில் சூ. கேட்டான்: "அக்கா, டான்சில எடுத்தா நான் டான்ஸ் ஆட முடியாதா?" என் தம்பிதான். சந்தேகமே இல்லை.

ஜூலை 11, திங்கள்

சேர்த்தாகிவிட்டது. குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். நான் துணைக்கு. பள்ளிக்கூடத்துக்கு அம்மை என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அம்மை என்றா, எனக்கு அம்மை என்றா, அவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

கன்னியாஸ்திரி நர்ஸ் ஒருவர், சிஸ்டர். நடந்தால் சாவிக்கொத்து குலுங்கும். நான் கரண்டிக் கட்டைக் குலுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வார்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரிப்பு. சிஸ்டர் திரும்பி, "நீ நோயாளியா, துணையா?" என்றார்கள். "துன்பம்" என்றாள் அம்மா.

நாளைக் காலை வெறும் வயிறு. சொட்டுத் தண்ணீர் கூடாது. மயக்க மருந்தில் வாந்தி வந்தால் ஆபத்தாம். அம்மா மடியில் பேரீச்சம்பழம் ஒளித்து வைத்திருந்தாள், "பிள்ளை பட்டினியாப் போவான்லா" என்று. சிஸ்டரே கண்டுபிடித்து வாங்கிக்கொண்டார்கள். நல்ல வேளை.

சூ. கேட்டான்: "வலிக்குமா?"

"உறங்கிருவ. எழும்பும்போது முடிஞ்சிருக்கும்."

"நான் உறங்கும்போது மூச்சு நின்னு போவும்லா. நீ பாத்துக்கிடுவியா?"

உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொள்வேன் என்றேன்.

ஜூலை 12, செவ்வாய்

முடிந்தது. கடவுளே, ஸ்தோத்திரம்.

தூக்கிக்கொண்டு வந்தபோது ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். வாயோரம் ரத்த எச்சில். அம்மா விழப் பார்த்தாள், பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விழித்ததும் ஒரு தடவை வாந்தி. அதுவும் வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா ஒரு குப்பியில் போட்டு இரண்டையும் காட்டினார்கள். இத்தனூண்டு. இதுவா எங்கள் வீட்டை இந்தப் பாடு படுத்தியது? அப்பாவின் ஐஸ் பெட்டியில் வைத்து மார்த்தாண்டம் சந்தைக்கு அனுப்பலாம், ராத்தல் என்ன விலைக்குப் போகும் என்றேன். அப்பா சிரிக்கவில்லை. சூ. சிரிக்கப் போய், வலித்து, அழுதான். இனி அவனைச் சிரிக்கவைக்கக் கூடாது. இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் தரவில்லை.

ஜூலை 14, வியாழன்

சூ. பேசமாட்டான். எல்லாம் கைச்சாடை. மூக்கைத் தொட்டால் மூத்திரம், காதைத் தொட்டால் தண்ணீர். இரண்டையும் நான் வேண்டுமென்றே மாற்றிப் புரிந்துகொள்வேன்.

மயக்க மருந்தைப் பற்றி மட்டும் காதுக்குள் ஊதினான். மூக்கின் மேல் டீ வடிகட்டுகிற அரிப்பு மாதிரி ஒன்று, அதில் துணி, அதில் சொட்டுச் சொட்டாக மருந்து. கொல்லாமரத்து முந்திரிப்பழம் அழுகின நாற்றமாம். அப்புறம் கட்டிலோடு கடலில் இறங்கிவிட்டானாம்.

கஞ்சி இறங்கவில்லை. சிஸ்டர் சொன்னது: "குளிர்ச்சியா குடுங்க. ஐஸ் கெடச்சா ரொம்ப நல்லது. சூடு வேண்டாம், காரம் வேண்டாம், முறுக்கு மாதிரி கட்டியா ஒண்ணும் வேண்டாம்."

ஐஸ்! எங்கள் வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? அப்பாவின் மீன் பெட்டி நிறைய அதுதானே. சாயங்காலமே உமிக்குள் புதைத்த பாளம் ஒன்று, சாக்கில் சுற்றி, சைக்கிளில். வார்டே குளிர்ந்தது. கழுவிக் கழுவி உடைத்தோம். ஆனாலும் லேசாகச் சாளை மீன் வாடை. சூ. நக்கிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். டான்சில் இருந்த இடத்தில் இரண்டு குழி, அதன்மேல் இளந்தேங்காய் வழுக்கை மாதிரி வெள்ளை. அம்மா சீழ் என்று பயந்தாள். டாக்டரம்மா, "புண்ணுக்குப் பொருக்கு அது. தானா உதிரும்" என்றார்கள்.

ஜூலை 15, வெள்ளி

வீடு. மழை விட்டு வெயில். துணி காய்கிறது.

அப்பா ஒரு வேலை செய்தார். நாகர்கோவில் சோடாக்கடையில் ரோஸ் சர்பத் ஒரு குப்பி வாங்கி, ஐஸை உமி மாதிரி நுணுக்கி, மேலே ஊற்றினார். நல்ல சிவப்பு. சூ. ஒரு கரண்டி வாயில் வைத்தான், கண் விரிந்தது. இன்னொரு கரண்டி. தெருப்பிள்ளைகள் வாசலில் வரிசை. சூ. மகாராசா மாதிரி உட்கார்ந்து, வாய் பேசாமல், கரண்டியால் அவர்களை விரட்டினான்.

அப்பா ரீத்தா மாமியிடம்: "வேற யாருக்க பிள்ளைக்குக் கெடைக்கும் இந்த ஐஸு? சொல்லு பாப்போம்."

அதைவிடப் பெரிய விஷயம். மத்தியானம் சூ. தூங்கினான். வாய் மூடியிருந்தது. குறட்டை இல்லை. மூச்சு போய், வந்து, போய், வந்து. நானும் அம்மாவும் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அழுதாள், சிரித்துக்கொண்டே.

ஜூலை 17, ஞாயிறு

தினமும் சிவப்பு ஐஸ். இரண்டாவது குப்பி தொடங்கியாகிவிட்டது. பேச்சு வந்துவிட்டது. குரல் மாறி, பொம்மை பேசுகிற மாதிரி. ரீத்தா மாமி வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமி, நான் காவல் தூதன் பேசுகேன், ஒனக்க கோழிய சூசைக்குக் குடு" என்று பேசவைத்தேன். மாமி உண்மையிலேயே முட்டை கொண்டுவந்தாள். அவித்து, மசித்து, சாப்பிட்டான்.

ஜூலை 18, திங்கள், காலை

அப்பா சந்தைக்குக் கிளம்புமுன் சூ.வின் வாயைத் திறந்து பார்த்தார், மீன் செவிளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே. "நல்ல செவப்பு. கொள்ளாம். பிள்ளை தேறிட்டான்" என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஏறினார்.

சூ. இன்றைக்கு ஓயாமல் விழுங்குகிறான். ஐஸ் தீர்ந்த பிறகும் விழுங்குகிறான். ருசி அப்படிப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம்: "தொண்டை தொறந்துட்டுட்டி, பாத்தியா?" நிறம்கூட வெளுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நிழலில் கிடந்ததால் நிறம் வைத்துவிட்டான் என்கிறாள் மாமி. எனக்கு வருடம் முழுக்கப் படுத்தாலும் வைக்காது.

விளையாட வா என்றால் வரவில்லை. தூக்கம் வருதாம். படுத்திருக்கிறான். பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 21, வியாழன்

சூசை இல்லை.

ஜூலை 22, வெள்ளி

எழுதிவிட வேண்டும். மறந்துபோகும் என்று இல்லை.

திங்கள் மத்தியானம் எழும்பி உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கருப்பாக, காப்பி மண்டி மாதிரி. அதில் சிவப்பு. அம்மா, "சர்பத்துதான், பித்தத்துல பொரட்டிட்டு" என்று துடைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாயில் சிவப்பு, சட்டையில் சிவப்பு, நாலைந்து நாளாக எல்லாமே சிவப்புதானே. மறுபடி எடுத்தான். இந்தத் தடவை கட்டி கட்டியாக. கை சில்லென்று இருந்தது. ஐஸ் பிடித்த கை என்று தேய்த்துவிட்டேன்.

மூன்றாவது தடவையும் சிவப்பாகவே எடுத்தான். அதற்கு முன் ஐஸ் கொடுக்கவே இல்லை. அப்போதுதான் அம்மா கத்தினாள்.

மீசைக்கார மாமா கார் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா மடியில் சூசை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். "அக்கா, உறங்கட்டா?" என்றுதான் சொன்னான். உறங்காதே என்றேன். உறங்காதே உறங்காதே என்று வழி முழுக்கச் சொன்னேன். கதை சொன்னேன், கிள்ளினேன், சிரிக்கவைக்கப் பார்த்தேன். கொஞ்சம் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் ஓடினார்கள். டாக்டரம்மா அவனைத் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். கதவு மூடியது. கதவு திறந்தது.

டாக்டரம்மா அம்மாவிடமும் என்னிடமும் கேட்டது: "காலையிலேருந்து விழுங்கிக்கிட்டே இருந்தானா?" ஆமாம். "அது ரத்தம், அம்மா. பொருக்கு உதிரும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி உள்ளே வடியும். விழுங்கி விழுங்கி வயிறெல்லாம் ரத்தம்." பிறகு அவன் சட்டையைப் பார்த்து, "சிவப்பா ஏதும் குடுத்தீங்களா?" அம்மா தலையாட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள். "அதனாலதான் தெரியல" என்று, எங்களிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னார்கள்.

காரம் கொடுக்கவில்லை. சூடு கொடுக்கவில்லை. கட்டியாக ஒன்றும் கொடுக்கவில்லை. சொன்ன எல்லாம் செய்தோம்.

அப்பா சந்தையிலிருந்து வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாக்கில் அவனுக்கு ஐஸ் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் அது உருகி ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

ஜூலை 23, சனி

காற்று. கடல் பேரிரைச்சல். ஒரு வேலையும் ஓடவில்லை.

அம்மா கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்: "ஏட்டி, டாக்டரம்மா கேட்டத அப்பாக்கிட்ட சொல்லப்பிடாது. அவரு தாங்க மாட்டாரு." மிச்சச் சர்பத்தை மணலில் ஊற்றிவிட்டாள். எறும்பு மொய்த்தது. மண்ணை அள்ளி மூடினாள்.

இந்த ஊரிலேயே முகம் மாறாமல் பொய் சொல்லக்கூடியவள் நான்தான் என்று பேர். சும்மா இருப்பதா கஷ்டம்? கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 27, புதன்

துக்கம் கேட்க மார்த்தாண்டம் செல்லையா மாமா வந்தார். சந்தையில் அப்பாவிடம் மீன் எடுத்து விற்பவர். அவர் மகள் கனகத்துக்கும் இதே டான்சில், இதே டாக்டரம்மா. அறுக்கிறதா வேண்டாமா என்று பயம்.

அப்பா சொன்னார்: "பயப்படாத, செல்லையா. ஆப்பரேசன் கொள்ளாம், நல்லதுதான். அவன் குறட்டை இல்லாம உறங்கினான், கேட்டியா? எனக்க பிள்ளைக்க விதி அம்புட்டுத்தான். ஒண்ணு மட்டும் எனக்கு ஆறுதல். கடைசி வரைக்கும் நான் கொண்டுவந்த ஐஸத்தான் ஆசையாத் தின்னான். வேற ஒண்ணும் எறங்கல. அது மட்டும் எறங்கிச்சு."

அம்மா எழும்பி அடுக்களைக்குப் போனாள். நான் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா யார் வந்தாலும் இதைச் சொல்கிறார். சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் உயிர் வருகிறது.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

வெயில். கடல் அடங்கிவிட்டது. நெத்திலி நல்ல வரத்து.

கனகத்துக்கு ஆப்பரேசன் முடிந்து வார்டில் இருக்கிறாளாம். ஒன்றும் இறங்கவில்லையாம். செல்லையா மாமா ஆள் சொல்லிவிட்டிருக்கிறார்.

காலையில் அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஐஸ் பாளத்தை உமியில் பொதிந்து கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பை. பைக்குள் புதுக் குப்பி, சிவப்பு.

"கனகத்துக்கா, அப்பா?"

"ஆமா மக்கா. வெறும் ஐஸுன்னா பிள்ளை திங்காது. இது விட்டுக் குடுத்தா சூசை தின்ன மாதிரி தின்னுரும்."

குப்பியை உடைத்துவிடலாம் என்று நினைத்தேன். தட்டிவிட்டேன் என்றால் நம்புவார். ஆனால் போகிற வழியில் சோடாக்கடை. எறும்பு விழுந்தது என்று சொன்னாலும் அதே சோடாக்கடை. என் கையில் இருந்த பொய் எல்லாம் அந்தக் கடை வரைக்கும்தான் போகும்.

"அப்பா, செவப்பு வேண்டாம்."

"ஏன்? பிள்ளையளுக்கு அந்த நெறந்தானே பிடிக்கும்."

"ரத்தம் வந்தா தெரியாது."

"என்ன ரத்தம்?"

சொன்னேன். பொருக்கு உதிர்வதை, உள்ளே வடிவதை, அன்றைக்குக் காலையில் அவன் விழுங்கியது ஐஸ் இல்லை என்பதை, டாக்டரம்மா சட்டையைப் பார்த்துக் கேட்டதை. அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அம்மா வெளியே வரவில்லை.

அப்பா கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்றார். ஐஸ் சொட்டியது.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அண்ணைக்குக் காலைல அவனுக்க வாயத் தொறந்து பாத்தேன்" என்றார்.

குப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். கயிற்றை முடிந்தார். முடிச்சு நிற்கவில்லை, நான் முடிந்துவிட்டேன்.

"செல்லையாகிட்ட என்ன சொல்லணும்? சரியாச் சொல்லு."

"வெள்ளை ஐஸு மட்டும் குடுக்கணும். செவப்பா ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போன பெறவும் கவனிக்கணும். பிள்ளை சும்மா சும்மா விழுங்கினா, வாயத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்கணும், ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

ஞானோபதேசம் படிக்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். "வெள்ளை ஐஸு மட்டும். செவப்பு வேண்டாம். வீட்டுக்குப் போன பெறவும் கவனிக்கணும். சும்மா சும்மா விழுங்கினா வாயத் தொறந்து பாக்கணும்." சரி என்றேன். சைக்கிளைத் தள்ளினார். தெருமுனையில் நின்றார், ஏறவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, விழுங்கினா? அதுக்குப் பெறவு என்ன?"